பெயர் சூட்டும் முன் ஒரு கணம்

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். மாலை மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஓடிவந்து சூழ்ந்துகொண்டனர். ஒருவன் கையில் மட்டை. இன்னொருவன் கையில் பந்து.

"ஹஜ்ரத், எங்க கிரிக்கெட் டீமுக்கு ஒரு நல்ல பேரா சொல்லுங்க!"

தாம்பரத்தை அடுத்த எங்கள் பகுதியில் வீடுகள் நெருங்கிவிட்டன. ஆயினும் காலிமனை ஒன்று இன்னும் எஞ்சியிருக்கிறது. ஞாயிறுதோறும் அதில் இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் ஆட்டம் நடக்கும். புலி, சிறுத்தை, கழுகு என்று தங்கள் அணிக்கு அவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டையிட்டுக் கொண்டார்கள். பிறகு ஒருவன் பெருமிதத்தோடு சொன்னான்: "எதிர் டீமுக்கு நாங்களே பேர் வெச்சுட்டோம் ஹஜ்ரத். காயலான்கடை லெவன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கும்போதுதான் கவனித்தேன். பின்வரிசையில் நின்ற ஒரு பிள்ளை சிரிக்கவில்லை. அவன் அந்த எதிர்த்தெருப் பிள்ளை; எங்களிடம் ஓத வருபவன். அவனுடைய தந்தை பழைய இரும்பும் காகிதமும் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். மறுநாள் அவன் மதரஸாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாட்களும் வரவில்லை.

'காயலான்கடை' என்னும் சொல்லின் பிறப்பை வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். காயல்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வந்து பழைய பொருள் வாணிபம் செய்த நம் மக்களை ஒட்டியே இச்சொல் வழக்கில் வந்தது என்பார்கள் பெரியோர். கடல் வாணிபத்தாலும் மார்க்கக் கல்வியாலும் புகழ்பெற்ற ஓர் ஊரின் பெயர், நகரத் தெருக்களில் உடைந்த பொருளைக் குறிக்கும் கேலிச் சொல்லாகித் தேய்ந்துவிட்டது. இதை அறிந்திருந்தும் நான் சிரித்தேன் என்பதுதான் என்னை உறுத்தியது. விளையாட்டு அணிகளுக்குப் பட்டப்பெயர்கள் எப்படிப் பிறக்கின்றன, எந்தப் பெயர் மகிழ்விக்கிறது, எது புண்படுத்துகிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் அக்கம்பக்கத்தில்

பட்டப்பெயருக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்ரயிலில் செல்வோர் அன்றாடம் கடந்துபோகும் பரங்கிமலையே ஒரு பட்டப்பெயர்தான். 'ஃபிராங்க்' என்னும் ஐரோப்பிய இனப்பெயரை அரபியர் 'இஃப்ரன்ஜ்' என்றனர். பாரசீகர் 'ஃபரங்கி' என்றனர். அது நம் நாட்டுக்கு வந்து, போர்ச்சுகீசியரைச் சுட்டும் 'பரங்கி' ஆயிற்று. அவர்கள் குடியேறிய மலை பரங்கிமலை ஆயிற்று. அந்த மக்கள் போய்விட்டார்கள், பெயர் நிலைத்துவிட்டது.

கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. 1837இல் நகருக்குள் பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனம் 1937இல் சேலையூர்க் காட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பழைய விடுதிகள் மூன்று: சேலையூர் விடுதி, புனித தாமஸ் விடுதி, பிஷப் ஹீபர் விடுதி. ஒன்று பக்கத்துக் கிராமத்தின் பெயர். ஒன்று புனிதராக அவர்கள் போற்றுபவரின் பெயர். மற்றொன்று 1826இல் திருச்சிராப்பள்ளியில் நீரில் மூழ்கி மறைந்த பாதிரியார் ஒருவரின் பெயர். விடுதிகள் தமக்குள் விளையாடும்போது இருப்பிடத்தின் பெயரே அணியின் பெயராகிவிடுகிறது.

அடையாற்றுப் பக்கம் 1959இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேடிக்கை இன்னும் அதிகம். அங்கே விடுதிகளுக்கு நதிகளின் பெயர்கள்: காவேரி, கிருஷ்ணா, கோதாவரி, நர்மதா, தப்தி, கங்கா, தாமிரபரணி என நீளும் பட்டியல். விடுதிகளுக்கிடையே ஆட்டம் நடக்கும்போது காவேரியைக் கிருஷ்ணா வெல்லும். கங்கையைத் தாமிரபரணி மடக்கும். நாட்டில் நதிநீருக்காக நடக்கும் வழக்குகளை நினைத்தால், நதிகள் மோதியும் எவருக்கும் நட்டமில்லாத ஒரே இடம் அந்த மைதானம்தான் என்று தோன்றும்!

ஈழத்தில் அணிக்குப் பதில் ஆட்டத்துக்கே பட்டம் சூட்டும் வழக்கம் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொட்டு ஆடிவரும் கிரிக்கெட் போட்டிக்கு 'வடக்கின் பெருஞ்சமர்' என்று பெயர். உண்மையான போரை நெடுங்காலம் கண்ட மண்ணில், மட்டையும் பந்தும் கொண்டு நடக்கும் இந்தச் சமரை மட்டும் மக்கள் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள்.

2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் சேப்பாக்கத்து அணி 'சூப்பர் கில்லீஸ்' எனப் பெயர் கொண்டது. கில்லி என்பது கிட்டிப்புள் ஆட்டத்தில் பறக்கும் சிறு மரத்துண்டு. திறமைசாலியைக் 'கில்லி' என்பது சென்னைப் பேச்சு. தெருப்பிள்ளைகளின் விளையாட்டுச் சொல் பெரிய மைதானத்தின் விளம்பரப் பலகையில் ஏறிவிட்டது.

வெண்டைக்காயும் நத்தையும்

அணிகளுக்குப் பட்டப்பெயர் சூட்டுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கக் கல்லூரியினர். அந்நாட்டிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுவே. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. விளையாட்டுகளைக் கற்பிக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். பட்டப்பெயர் வழக்கம் மட்டும் கல்லூரிகளில் வேர் பிடிக்கவில்லை.

அங்குள்ள பெயர்களில் சில நம்மை வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். மிசிசிப்பி மாநிலத்து டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு 'அரசியல் மேதைகள்' என்பது முறையான பெயர். இப்படியொரு பெயரைக் கேட்டால் எதிரணி எங்கே அஞ்சப் போகிறது என்று மாணவர்களே கிண்டல் செய்து, 'போரிடும் வெண்டைக்காய்' என்று வேறொரு பெயர் வைத்தார்கள். முகத்தைச் சுளித்துக் கைமுட்டியை உயர்த்தும் வெண்டைக்காய் வேடம் இன்று அங்கே புகழ்பெற்ற சின்னம். வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று பிள்ளைகளுக்கு ஊட்டும் நம் தாய்மார்கள், அது வீரமும் தரும் என்று இனிச் சேர்த்துச் சொல்லலாம்!

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள ஈரக்காட்டில் வாழைப்பழ நிறத்தில் ஓடில்லாத நத்தை ஒன்று ஊர்ந்து திரியும். வேகமும் இல்லை, கூரிய பல்லும் இல்லை. வெற்றிவெறி கூடாது என்று எண்ணிய மாணவர்கள் அதையே தங்கள் சின்னமாகக் கொண்டாடினர். நிர்வாகமோ கடற்சிங்கம் என்ற கம்பீரமான பெயரை அறிவித்தது. 1986இல் மாணவர்கள் வாக்களித்தனர்; நத்தை பெருவெற்றி பெற்றது; நிர்வாகம் பணிந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழக அணியின் பெயர் 'ஜம்போ'. பெரியது என்ற பொருளில் நாமும் வழங்கும் சொல்லே அது. அனில் கும்ப்ளேயை அவருடைய தோழர்கள் அழைத்ததும் இப்பெயரால்தான். ஜம்போ என்பது ஆப்பிரிக்காவில் பிறந்து லண்டன் மிருகக்காட்சிசாலையில் வளர்ந்த ஒரு யானை. 1882இல் பர்னம் என்ற அமெரிக்க சர்க்கஸ் முதலாளி அதை விலைக்கு வாங்கினார். 1885இல் கனடாவில் ரயில் மோதி அது இறந்தது. பதப்படுத்திய அதன் உடலைப் பர்னம் டஃப்ட்ஸ் கல்லூரிக்கு வழங்கினார். 1975இல் நேர்ந்த தீ விபத்தில் அதுவும் எரிந்துபோயிற்று. அந்தச் சாம்பலில் ஒரு பிடியை நிலக்கடலை வெண்ணெய்ப் புட்டி ஒன்றில் போட்டு அங்கே பாதுகாத்து வருகிறார்கள்.

இப்பெயர்களில் எவருக்கும் வருத்தமில்லை. தம்மைத் தாமே சிரித்துக்கொள்ளும் பெயர்கள் இவை. வெண்டைக்காயின் மனம் புண்படப் போவதுமில்லை.

இகழ்ச்சி ஏந்தலான கதை

பிறர் எறிந்த கல்லை எடுத்து வீடு கட்டியவர்களும் உண்டு. இண்டியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகம் பொறியியலும் வேளாண்மையும் கற்பித்த கல்விக்கூடம். பட்டறையில் கரிபடிய வேலை செய்த அதன் மாணவர்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் இழிவாக நோக்கினர். 1891இல் அந்த ஊருக்கே சென்று வாபாஷ் கல்லூரியை அவர்கள் கால்பந்தாட்டத்தில் தோற்கடித்தார்கள். தோற்ற ஊரின் செய்தித்தாள் அவர்களைக் 'கொதிகலன் செய்பவர்கள்' என்று எள்ளி எழுதியது. உழைப்பின் பெயர் எப்படி வசையாகும் என்று எண்ணிய பர்டூ மாணவர்கள் அதைத் தங்களுக்கே சூட்டிக்கொண்டனர். நூற்றாண்டைக் கடந்தும் அந்த அணிக்கு அதுவே பெயர்.

வட கரோலினாவில் பைன் மரங்களிலிருந்து தார் எடுக்கும் தொழில் நடந்தது. வெறுங்காலோடு உழைத்த ஏழைகளின் குதிகாலில் தார் ஒட்டும். 'தார்க்குதிகால்' என்பது அவர்களை இழித்துரைக்கும் சொல்லாக இருந்தது. உள்நாட்டுப் போரில் அம்மாநிலத்துப் படைவீரர்கள் அதைப் பெருமைப் பெயராக்கினர். இன்று அம்மாநிலப் பல்கலைக்கழக அணிக்கு அதுவே விருது. அவ்வாறே பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்து மக்கள் அமெரிக்காவில் ஏளனத்துக்கு ஆளானவர்கள். நோட்ர டாம் பல்கலைக்கழகம் 'போரிடும் ஐரிஷ்' என்ற பெயரை 1927இல் முறைப்படி தனதாக்கிக்கொண்டது.

இவற்றைப் படித்தபோது என் உள்ளம் நம் வரலாற்றுக்குத் தாவியது. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில் வழியுணவைக் கட்டுவதற்குக் கயிறில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். 'தாதுந் நிதாகைன்' — இரு கச்சையுடையவர் — என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. காலம் சென்றது. அவர்களுடைய மகனார் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைச் சிரியா நாட்டார் "இரு கச்சையாளின் மகனே!" என்று ஏசினர். அந்தப் பெயர் எவ்வாறு வந்தது என்பதை அந்த அன்னை மகனுக்கு எடுத்துரைத்தார்கள். அது ஏச்சாகாமல் வாழ்த்தாயிற்று. பெயரின் வரலாற்றை அறிந்தவர்களை அந்தப் பெயரால் இழிவுபடுத்த முடிவதில்லை.

பிறர் முகத்தை முகமூடியாக்கல்

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதில்தான் வலி இருக்கிறது. தனக்கல்லாத ஓர் இனத்தின் பெயரைத் தன் ஆட்டத்துக்கு வேடிக்கைப் பொருளாக்குவது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணி நெடுங்காலம் 'இந்தியர்கள்' எனப்பட்டது. அமெரிக்க மண்ணின் தொல்குடி மக்களையே அப்பெயர் குறித்தது. இறகு சூடிய வேடமும் கேலி நடனமும் தங்களைப் புண்படுத்துவதாகத் தொல்குடி மாணவர்கள் முறையிட, 1972இல் அப்பெயர் கைவிடப்பட்டது. 1981 முதல் அந்த அணி 'கார்டினல்' என்ற செந்நிறத்தின் பெயரால் வழங்கப்படுகிறது. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் 'போரிடும் சியூ' என்ற குலப்பெயரை நெடிய வழக்குகளுக்குப் பின் 2012இல் துறந்தது. 2015இல் பருந்தின் பெயரை ஏற்றது. இதற்கு மாறாக, ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 'செமினோல்' என்ற குலப்பெயரைக் கொண்டிருக்கிறது. ஃபுளோரிடாவின் செமினோல் குலத்தாரே அதற்கு ஒப்புதல் அளித்துள்ளனர். இரண்டும் குலப்பெயர்களே. உரியவர் இசைந்தாரா என்பதே வேறுபாடு.

நமக்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. கலிபோர்னியாவின் கோச்செல்லாப் பள்ளத்தாக்கு பாலைநிலம். அல்ஜீரியா போன்ற நாடுகளிலிருந்து பேரீச்சங்கன்றுகளைக் கொண்டுவந்து நட்டு அங்கே பெரும் தோட்டங்களை உருவாக்கினார்கள். அரபுலக நினைவில் ஓர் ஊருக்கு மக்கா என்றே பெயரிட்டார்கள். அப்பகுதி உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிக்கு 'அரபியர்' என்று பெயர் அமைந்தது. பேரீச்சம் பழம் தந்த நாட்டாருக்குச் செய்த மரியாதை என்றுகூட அதைக் கருதியிருப்பார்கள். ஆனால் அந்த அணியின் சின்னம்? வளைந்த பெருமூக்கும், பல்லை நறநறக்கும் கோபமும், தலைத்துணியும் கொண்ட கோர முகம். ஆட்டத்தின் இடைவேளையில் இடையசைத்து ஆடும் நடனம்.

2013இல் அமெரிக்க அரபியர் அமைப்பு ஒன்று இதைக் கண்டித்துக் கடிதம் எழுதியது. பள்ளியினர் பலர் முதலில் வியந்தனர். தாங்கள் எவரையும் பழிக்கவில்லையே என்றனர். பேச்சு நடந்தது. 2014இல் உடன்பாடு ஏற்பட்டது. பெயர் 'வலிமைமிகு அரபியர்' என்றாயிற்று, கோர முகம் போய்க் கண்ணியமான தோற்றம் வந்தது, நடனமும் நின்றது. தம்மை ஒருவர் எப்படி வரைகிறார் என்பதைக் கண்டு, பொறுமையாக எடுத்துச் சொல்லி, இசைவு கண்ட அந்த வழிமுறை நம் கவனத்துக்குரியது. தீய நோக்கமின்றிச் செய்ததும் புண்படுத்தலாம் என்பதும் அதில் தெரிகிறது. என் சிரிப்பிலும் தீய நோக்கம் இருக்கவில்லை.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

மதீனாவில் ஒருவருக்கே இரண்டு மூன்று பெயர்கள் வழங்கின. சிலரை அவ்வாறு அழைத்தபோது, அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது என்று மற்றவர்கள் கூறினர். இச்சூழலில்தான், ஒருவரையொருவர் தீய பட்டப்பெயர்களால் அழைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுத்தது என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அதே வசனம், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும் தடுக்கிறது; ஏளனத்துக்கு உள்ளானவர் ஏளனம் செய்தவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்று நினைவூட்டுகிறது.

பட்டப்பெயரே கூடாது என்பதன்று மார்க்கம். பள்ளிவாசலில் மண் ஒட்டிய முதுகோடு படுத்திருந்த அலீ (ரலி) அவர்களை, மண்ணைத் துடைத்தபடியே "அபூதுராபே, எழுந்திரும்!" என்று நபி (ஸல்) அவர்கள் எழுப்பினார்கள். மண்ணின் தந்தை என்பது அதன் பொருள். தம் பெயர்களில் அதைவிட விருப்பமான பெயர் அலீ (ரலி) அவர்களுக்கு வேறில்லை. பூனைக்குட்டியைப் பேணியவர் அபூஹுரைரா (ரலி) ஆனார். சொன்னவரின் அன்பும் ஏற்றவரின் மகிழ்ச்சியும் சேரும் இடத்தில் மண்ணும் பூனைக்குட்டியும்கூட மகுடமாகின்றன.

காந்தம்

நான்காம் நாள் அந்தப் பிள்ளையின் தந்தையுடைய கடைக்குச் சென்றேன். குவியலின் நடுவே அவன் குந்தியிருந்தான். கயிற்றில் கட்டிய காந்தத் துண்டு ஒன்றை ஒவ்வொரு பொருளிலும் தொட்டுத் தொட்டு, ஒட்டுவதை இரும்புப் பக்கமும் ஒட்டாததைப் பித்தளை, அலுமினியப் பக்கமும் எறிந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"பாய், உங்க பிள்ளை மனசு நோகும்படி நான் சிரிச்சுட்டேன். மன்னிக்கணும்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "என்ன ஹஜ்ரத், பெரிய வார்த்தை எல்லாம்! இந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு போடுது, இவனைப் படிக்க வைக்குது. எனக்கு இதுல வெக்கமே இல்ல. இவன் வெக்கப்பட ஆரம்பிச்சுடுவானோன்னுதான் கவலை" என்றார்.

அன்று மாலை அவன் மதரஸாவுக்கு வந்தான். பிள்ளைகளுக்கு அஸ்மா (ரலி) அவர்களின் கச்சையைப் பற்றிச் சொன்னேன். கொதிகலன் செய்தவர்களைப் பற்றியும் சொன்னேன். எவரையும் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை. நானும் சிரித்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அணித்தலைவன் திரும்பி அவனிடமே கேட்டான்: "உங்க டீமுக்கு என்ன பேரு வெக்கணும்னு நீயே சொல்லு."

அவன் யோசிக்கவே இல்லை. "காந்தம்" என்றான். "பந்து வந்தா கையில ஒட்டிக்கும்ல?"

இப்போதெல்லாம் காலிமனையில் அப்பெயரைச் சொல்லிக் கூவும் குரல் பள்ளிவாசல் திண்ணை வரைக்கும் கேட்கிறது. சென்ற ஞாயிறு காந்தம்தான் வென்றது. எங்கள் தெரு அணிக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.